வாயுப் பிடிப்பு என்று இருந்துவிடாதீர்கள்



இன்று நான் ஒரு வயிற்றுவலியைப் பற்றிப் பேசப் போகிறேன். "வயிற்றுவலிக்கு ஒரு பேச்சா, வாத்தியாரே? ஓமத்தண்ணீர் குடித்தால் போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். பெரும்பாலான வயிற்றுவலி அப்படித்தான் போய்விடும். போகாத வலி ஒன்று உண்டு. அது அபூர்வமாகத்தான் வரும். வந்தால் உயிரைக் கேட்கும். அந்த ஒன்றை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நாங்கள் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். என் பெரியப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. வாயில் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். லயத்து வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. ஒரு நிமிடம் கண் செருகிவிட்டது. தண்ணீர் தெளித்தோம். எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லடா, வாயு பிடிச்சிருக்கு" என்றார்.

பெரியம்மா கோடாலித் தைலத்தைத் தேய்த்து வயிற்றை நன்றாக நீவிவிட்டார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் வலி தணிந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. "காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம்" என்று முடிவு செய்தோம். இரவு எட்டு மணிக்கு வலி மறுபடியும் வந்தது. இந்த முறை அவர் பேசவில்லை. தோட்டத்து லாரியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் பெரிய இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

மூன்று மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தை நாங்கள் தைலம் தேய்த்துக் கழித்துவிட்டோம். எங்களுக்கு அன்பில் குறைவில்லை. விஷயம் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். பிற்பாடு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலுதவிப் பாடம் படித்தபோதெல்லாம் அந்த ஐந்து மணி நேரமே என் கண்முன் நின்றது.

சரி, அந்தப் பெரிய இரத்தக் குழாய் எது?

உங்கள் கையை நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அதற்கு நேர் உள்ளே, முதுகெலும்பை ஒட்டி, ஒரு குழாய் இறங்குகிறது. இதயத்திலிருந்து புறப்பட்டு, நெஞ்சில் வளைந்து, வயிற்றின் வழியே கீழே வந்து, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போகிறது. இதற்குப் பெருநாடி என்று பெயர். உடம்பில் இதைவிடப் பெரிய நாடி கிடையாது. வயிற்றுப் பகுதியில் இதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் இரத்தம் இதன் சுவரில் வந்து மோதுகிறது. பகலிலும் மோதுகிறது, நாம் தூங்கும்போதும் மோதுகிறது. அறுபது எழுபது வருடம் இந்த மோதலைத் தாங்கி நிற்கும் சுவர் அது.

மோட்டார் சைக்கிள் டியூப் பழையதானால் என்ன ஆகிறது? ஓரிடத்தில் ரப்பர் நைந்துபோகிறது. காற்றடித்தால் அந்த இடம் மட்டும் கொப்புளம் போலப் புடைக்கிறது. பெருநாடியின் சுவரும் அப்படி ஓரிடத்தில் பலம் குன்றினால் வெளியே புடைக்கும். டாக்டர்கள் இதை அனூரிஸம் என்பார்கள். நாம் புடைப்பு என்றே சொல்லுவோம். குழாயின் அகலம் 3 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் அது புடைப்பு என்று கணக்கு.

இன்னொரு விஷயமும் உண்டு. பலூன் ஊதிய குழந்தைகளுக்கு இது தெரியும். முதல் மூச்சு ஊதுவதுதான் கடினம். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் பிறகு சுலபமாகப் பெருத்துக்கொண்டே போகும். பெரிதாகப் பெரிதாகச் சுவர் மெலிகிறது. அதன் மேல் விழும் இழுவிசையும் கூடுகிறது. ஆகவே சிறிய புடைப்பு பல வருடம் சும்மா இருக்கலாம். பெரிய புடைப்பு எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

இது யாருக்கு வருகிறது? பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். இவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவற்றில் முதலாவது புகை. சிகரெட், பீடி, சுருட்டு, இலைச் சுருட்டு எதுவானாலும் சரி, அதன் புகை நாடிச் சுவரின் நாரை அரிக்கிறது. இந்த நோய்க்குப் புகையைப் போல நெருங்கிய கூட்டாளி வேறில்லை. அடுத்தது கட்டுக்கு அடங்காத இரத்தக் கொதிப்பு. அதோடு, அப்பாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்தப் புடைப்பு இருந்திருந்தால் நமக்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. மேல்நாட்டவரோடு ஒப்பிட்டால் நம் ஆசிய மக்களிடம் இது குறைவுதான். குறைவு என்பதாலேயே நம்மில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை, அங்கேதான் ஆபத்து.

இதைவிடப் பெரிய சங்கடம், வெடிக்கும்வரை பெரும்பாலோருக்கு வலியே இராது என்பது. உண்பார்கள், உழைப்பார்கள், பேரப்பிள்ளையைத் தூக்கி விளையாடுவார்கள். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். மெலிந்த உடம்புக்காரர் சிலருக்கு மட்டும், மல்லாந்து படுக்கும்போது வயிற்றில் ஏதோ துடிப்பது போலத் தெரியலாம்.

நேயர்களே, இந்த நோய் ஏழை, பணக்காரன், படித்தவன், படிக்காதவன் என்று பார்ப்பதில்லை. விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பெயரை உங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். குழாயில் புகையிலை பிடிப்பது அவருடைய பழக்கம். நீண்ட காலமாக வயிற்றுவலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தார். பெருநாடியில் பெரிய புடைப்பு இருந்தது. அந்தக் காலத்தில் அதை வெட்டி எடுத்து மாற்றும் வழி எவருக்கும் தெரியாது. நிசன் செய்தது என்ன தெரியுமா? செலோஃபேன் என்னும் மெல்லிய தாளைப் புடைப்பின் மேல் சுற்றிவிட்டார். அந்தத் தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்புத் தசை வளர்ந்து, சுவருக்கு ஒரு கவசம் போல ஆகும் என்பது எண்ணம். அதோடு ஐன்ஸ்டீன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1955ஆம் ஆண்டு ஏப்ரலில் வலி கடுமையாகத் திரும்பி வந்தது. பித்தப்பைக் கோளாறோ என்று நினைக்கும்படி இருந்தது அந்த வலி. உண்மையில் புடைப்பு கசியத் தொடங்கியிருந்தது. அறுவை செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார். ஏப்ரல் 18ஆம் தேதி விடியற்காலையில், பிரின்ஸ்டன் நகர மருத்துவமனையில், 76ஆம் வயதில் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலி தொடங்கியதும் அவர் அந்த நிமிடமே இறந்துவிடவில்லை. சில நாட்கள் இருந்தார். என் பெரியப்பாவுக்கோ ஐந்து மணி நேரம்தான் கிடைத்தது. ஏன் இந்த இடைவெளி?

பெருநாடி முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வெடிப்பு முன்புறமாக ஏற்பட்டால் இரத்தம் வயிற்றுக்குள் தடையின்றிக் கொட்டிவிடும், நிமிடங்களில் முடிந்துவிடும். பின்புறமாக ஏற்பட்டால், சுற்றியுள்ள தசையும் சவ்வும் கொஞ்ச நேரம் அணை போட்டுத் தடுக்கும். இரத்த அழுத்தமும் தாழ்ந்துவிடுவதால் கசிவு மட்டுப்படும். வலி சற்று குறைந்தது போலவும் இருக்கும். மயங்கியவர் எழுந்து உட்காருவார், பேசுவார். வீட்டார் "தெய்வம் காப்பாற்றிற்று" என்பார்கள். அந்த அணை எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. உயிரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் அந்த இடைவெளி ஒன்றுதான். வலி குறைந்ததே என்று நாம் உட்கார்ந்துவிடுகிற நேரமும் அதுதான்.

இனி, காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். முடியும். அந்த வித்தை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் நகரில் சார்ல் டுபோஸ்ட் என்ற மருத்துவர், வயிற்றுப் பெருநாடியின் புடைத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாத்த நாடித் துண்டை அங்கே வைத்துத் தைத்தார். நோயாளி பிழைத்தார். ஆனால் வேண்டும்போதெல்லாம் இறந்தவரின் நாடிக்கு எங்கே போவது? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் மைக்கேல் டிபேக்கி கடைக்குப் போய் டேக்ரான் துணி வாங்கி வந்தார். தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, அந்தத் துணியைக் குழாயாகத் தைத்தார். சிறுவயதில் அவருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார். 1950களில் அந்தத் துணிக் குழாய் மனித உடம்பில் பெருநாடியாக வேலை செய்யத் தொடங்கிற்று. நம் தாய்மார்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். இன்றும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் அவ்வகைத் துணிக் குழாயே தைக்கப்படுகிறது.

அடுத்த படி 1990ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது. அர்ஜென்டினா நாட்டு போனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி என்ற மருத்துவர், வயிற்றைத் திறக்காமலேயே வேலையை முடித்தார். தொடையிடுக்கில் ஓடும் நாடி வழியாக, மடித்த துணிக் குழாயை மேலே செலுத்தி, புடைப்பு இருக்கும் இடத்தில் உள்ளிருந்தே விரித்துவிட்டார். ஓட்டை டியூபுக்குள் இன்னொரு டியூபை நுழைத்துவிட்டது போல. இரத்தம் புதிய குழாயின் வழியே ஓடிவிடும். நைந்த சுவரில் மோதாது.

இதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணமே இருக்கிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. செய்தி கேட்டு இங்கே தோட்டங்களிலும் எத்தனை பேர் கோயிலில் விளக்கேற்றினார்கள்! இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயில் வீக்கம் இருந்ததாகவும், அறுவையின்றிக் குழாய் வழியாக ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கம் முழுவதும் அடைக்கப்பட்டதாகவும் மருத்துவமனை அறிக்கை வெளியிட்டது. சில நாட்களில் அவர் வீடு திரும்பினார். ஐன்ஸ்டீனுக்குத் தாள் சுற்றிய காலத்திலிருந்து இந்த வித்தை எவ்வளவு தூரம் வந்துவிட்டது, பாருங்கள். ரஜினிகாந்துக்கு நல்லது நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெடிப்பதற்கு முன்பே வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டது.

முன்பே கண்டுபிடிப்பதற்கும் வெடித்த பின் ஓடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? கணக்கைக் கேளுங்கள். நிதானமாக நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையில், நல்ல மருத்துவமனைகளில், முதல் மாதத்தில் இறப்பவர்கள் 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. வெடித்த பிறகோ, ஆஸ்பத்திரிக்கு வந்து சேராமலே இறப்பவர்களையும் சேர்த்து எண்ணினால், ஐந்து பேரில் ஏறக்குறைய நான்கு பேர் பிழைப்பதில்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2009 முதல் 2013 வரை, பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்த 30 மருத்துவமனைகளில், புடைப்பு வெடித்ததாகக் கருதப்பட்ட 613 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் முதல் மாதத்தைக் கடந்தார்கள். வயிற்றைத் திறந்து தைப்பதற்கும், உள்ளிருந்தே குழாய் விரிப்பதற்கும் முதல் மாதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டு முடிவில் உள்ளிருந்து விரிக்கும் முறையே சற்று முன்னே நின்றது. ஆக, டாக்டரின் மேசையை உயிரோடு எட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். எட்ட முடியாதவர்களுக்குத்தான் வழியில்லை. அந்த மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? நம் வேலை.

ஆகவே அடையாளங்களைக் கவனமாகக் கேளுங்கள். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர், அதிலும் புகைபிடிப்பவர் அல்லது முன்பு புகைபிடித்தவர். திடீரென்று வயிற்றிலோ, நடு முதுகிலோ, விலாவிலோ கடும் வலி. அது தொடையிடுக்குவரை இறங்கலாம். கல்லடைப்பு வலி போலவும் தோன்றலாம். அதோடு தலைசுற்றல், மயக்கம், முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை. சிலருக்கு வயிற்றில் துடிக்கும் கட்டி கைக்குத் தட்டுப்படும். எல்லா அடையாளமும் எல்லாரிடமும் இராது. வயதானவருக்குத் திடீர் வலியும் மயக்கமும் சேர்ந்து வந்தாலே போதும், அது வாயுப் பிடிப்பு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது, 999 எண்ணை அழைப்பது. "வயதானவர், திடீரென்று கடும் வயிற்றுவலி, மயங்கி விழுந்தார்" என்று சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சாலையிலிருந்து திரும்ப வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு நம் குறுக்கு வழி தெரியாது. ஆகவே ஓர் இளைஞரை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள். இரவு நேரமானால் வாயிற்காவலரிடம் சொல்லித் தடுப்பைத் திறந்து வைக்கச் செய்யுங்கள்.

நோயாளியைப் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். வயிற்றை நீவ வேண்டாம், அழுத்த வேண்டாம், தைலம் தேய்க்க வேண்டாம். கஷாயம், காப்பி, தண்ணீர், வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். அறுவைக்குப் போக நேரலாம். அடையாள அட்டையையும், தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததால்தான் நாம் பயந்து சத்தம் போடுகிறோம். முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். "இரத்தம் இவ்வளவு போய்விட்டதே, ஏன் நிறைய டிரிப் ஏற்றவில்லை?" என்று சிலர் தாதியரிடம் கோபித்துக்கொள்வதுண்டு. அவர்கள் வேண்டுமென்றே அளவாக ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றி அழுத்தத்தைக் கூட்டிவிட்டால், கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கும் அந்த அணை உடைந்துவிடும். நோயாளி நினைவோடு பேசுகிற அளவுக்கு அழுத்தம் இருந்தால் போதும் என்பதே இன்றைய மருத்துவ முறை.

இரத்தக் குழாய் அறுவை நிபுணர்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ சேர்த்த நோயாளியை மலாக்காப் பட்டணத்துக்கும், அங்கிருந்து தேவையானால் கோலாலம்பூர் போன்ற இடத்துக்கும் அனுப்ப நேரலாம். "இங்கேயே பார்க்கக் கூடாதா?" என்று தடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

டாக்டர் உங்களை அழைத்துக் கையொப்பம் கேட்பார். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வயிற்றைத் திறந்து செய்யப்போகிறீர்களா, குழாய் வழியாகச் செய்யப்போகிறீர்களா? இவருடைய உடல்நிலையில் பிழைக்கும் வாய்ப்பு எப்படி? பிழைத்தால் முன்போல எழுந்து நடமாட எத்தனை நாள் ஆகும்? வயது மட்டுமே அறுவைக்குத் தடையில்லை. ஆனால் ஏற்கனவே மிகவும் நலிந்து படுக்கையில் இருக்கும் முதியவருக்கு, அறுவை வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தார் கேட்பதும் தவறாகாது. ஐன்ஸ்டீனும் தெரிந்தேதான் வேண்டாம் என்றார். நோயாளிக்கு நினைவிருந்தால் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். அவர் வாழ்க்கை, அவர் சொல் முதலில்.

அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருக்க நேரும். சிறுநீரகம் சில காலம் தடுமாறலாம். சுவாசக் கருவி தேவைப்படலாம். வீடு திரும்பிய பின் பல வாரம் ஓய்வு வேண்டும். குழாய் வழியாகச் செய்துகொண்டவர்கள், கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொரு வேலை நம் இளைஞர்களுக்கு. இத்தகைய அறுவைக்குப் பை பையாக இரத்தம் வேண்டும். அந்த இரத்தம் கடையில் கிடைக்காது. யாரோ முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்க வேண்டும். கோயில் திருவிழாவிலும், பள்ளி விளையாட்டுப் போட்டி நாளிலும் இரத்ததான முகாம் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பந்தல் போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

கடைசியாக, வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வழி. பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அரசாங்கமே அழைத்து, வயிற்றில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை. கர்ப்பிணிகளின் வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அதே வகை ஸ்கேன்தான். சில நிமிட வேலை. அங்கே 67,000க்கும் அதிகமான ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் ஏற்படும் சாவு 100க்கு 42 என்ற அளவில் குறைந்தது. நம் நாட்டில் அப்படி வீடு தேடி அழைப்பு வராது. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, அறுபத்தைந்தைத் தொட்ட, புகைப்பழக்கம் உள்ள அப்பாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், அடுத்த முறை கொதிப்பு மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, "என் வயிற்றுப் பெருநாடியை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சிறிய புடைப்பு என்றால் அறுவை வேண்டியதில்லை. அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வார்கள். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை, பெண்களுக்கு 5 சென்டிமீட்டரை எட்டினால்தான் பொதுவாகச் சிகிச்சையை யோசிப்பார்கள். அதற்குள் புகையை விட்டுவிட்டால் புடைப்பு வளரும் வேகமும் குறையும்.

நேயர்களே, எங்கள் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். தோட்டத்தை விட்டு மெர்லிமாவ் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கிறார். சென்ற ஆண்டு நான் சொல்லிச் சொல்லி அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டர் கேட்டுக்கொண்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பெருநாடி 3.4 சென்டிமீட்டர். ஆபத்தான அளவு இல்லை. வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அன்று மாலை அண்ணன் சிகரெட் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். தொண்ணூறு வயதுப் பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "அன்னிக்கு யாராச்சும் நமக்கு இதைச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அன்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. இன்று உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். நீங்கள் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்.